தகடு தப்பினால் வண்டி தப்பும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலைக்குக் கேட்டுப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சத்தத்துக்குக் காது கொடுப்பார். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். எம்ஜிபி வண்டியைப் பற்றித் தெரிந்தவர் இவை எதையும் முதலில் செய்ய மாட்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் முட்டி போடுவார். கதவுக்கு அடியில் நீளும் தகட்டை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போவார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து அந்தத் தகட்டின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். டக்கென்று ஒட்டினால் பெயின்ட்டுக்கு உள்ளே இரும்பு இருக்கிறது. ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இருப்பது பட்டி. அதாவது ஓட்டையை அடைத்து, தேய்த்து, மேலே பளபளவென்று வண்ணம் பூசி நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

எஞ்சின் ஓடாத எம்ஜிபியைத் தயங்காமல் வாங்கலாம். தகடு போன எம்ஜிபியை, எஞ்சின் தேனாக ஓடினாலும், இருமுறை யோசித்துத்தான் வாங்க வேண்டும். இதற்கான காரணம் பாதி வேதியியலில் இருக்கிறது, பாதி பொறியியலில்.

எம்ஜி என்றால் இன்று நம் ஊரில் ஹெக்டரும் மின்கார்களும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் இப்போது சீனாவின் எஸ்ஏஐசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆனால் அந்த எண்கோண முத்திரை பிறந்தது 1920களின் ஆக்ஸ்ஃபோர்டில், மோரிஸ் கராஜஸ் என்ற கார் விற்பனை நிலையத்தில். 1929இல் தொழிற்சாலை பக்கத்து ஊரான ஆபிங்டனுக்குப் போனது. சிட் எனவர் என்ற பொறியாளரின் தலைமையில் அங்கே உருவாகி 1962இல் வெளிவந்த இருவர் கார்தான் எம்ஜிபி. 1980 அக்டோபரில் ஆலையை இழுத்து மூடும்வரை, கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1,798 சி.சி. எஞ்சின். உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ.க்குச் சற்று மேல். இன்றைய சாதாரணக் குடும்பக் கார் இதைச் சிரமமில்லாமல் முந்திவிடும். ஆகவே வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு ஜாக்கியும் பொறுமையும் இருந்தால் வீட்டுக் கொட்டகையிலேயே கடைசி நட்டுவரை கழற்றி மாட்டலாம் என்பதற்காக வாங்குகிறார்கள்.

(அதற்கு முந்தைய தலைமுறை எம்ஜி வண்டிகளில் இந்தக் கடைசி நட்டு சமாச்சாரம் அவ்வளவு சுலபமில்லை. மோரிஸின் எஞ்சின் ஆலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். அதனால் மரை மெட்ரிக்கிலும் நட்டின் தலை விட்வொர்த் அளவிலும் இருக்கும்படி செய்தார்கள். 1940களின் எம்ஜி டிசி வைத்திருப்பவர்கள் இந்தச் சமரசத்தை இன்றும் திட்டிக்கொண்டே போல்ட் தேடி அலைகிறார்கள்.)

எம்ஜிபிக்கு முந்தைய மாடலான எம்ஜிஏவில் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேஸிஸ் உண்டு. பாரத்தை அது சுமக்கும். மேலே இருக்கும் தகடு வெறும் போர்வைதான். எம்ஜிபியில் சேஸிஸ் கிடையாது. மடித்து, ஒட்டி, பற்றவைத்த மெல்லிய எஃகுத் தகடுகளே ஒரு கூடாகி, எஞ்சினையும் சக்கரங்களையும் ஆட்களையும் தாங்குகின்றன. எடை குறைய, உறுதி கூட, இது நல்ல வழி. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூரை இல்லையே! கூரையுள்ள காரில் மேலே கூரையும் கீழே தரையும் சேர்ந்து ஒரு முழுப் பெட்டியாகி வளைவைத் தடுக்கும். கூரையை எடுத்துவிட்டால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மிஞ்சுவது தரையும், எஞ்சினிலிருந்து பின்னால் போகும் குகையும், இரு பக்கமும் கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்னும் நீளமான தகட்டுப் பெட்டிகளும்தான். வண்டி நடுவில் தொய்யாமல் இருப்பதும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதும் பெரும்பாலும் அந்தச் சில் பெட்டிகள் தயவில்தான்.

மூடிய பெட்டிக்கு இவ்வளவு வலு எப்படி வருகிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கெட்டித் தாளைக் குழாயாகச் சுருட்டி, விளிம்பை நெடுக டேப்பால் ஒட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், சுலபத்தில் அசையாது. இப்போது ஒட்டிய இடத்தை மட்டும் பிளேடால் கீறிவிட்டு மறுபடி முறுக்குங்கள். தாள் குறையவில்லை, எடையும் குறையவில்லை, ஆனால் குழாய் துவண்டுவிடும். மூடிய குழாயில் முறுக்கினால் எழும் விசை சுவரைச் சுற்றி இடைவிடாமல் ஓடி ஒரு முழு வட்டமாகிறது. கீறல் விழுந்ததும் அந்த வட்டம் அறுந்துபோய், தகட்டின் கனத்துக்குள்ளேயே அது போய்த் திரும்ப வேண்டியதாகிறது. கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். 10 செ.மீ. விட்டமும் 1 மி.மீ. கனமும் உள்ள எஃகுக் குழாயை நெடுகக் கீறிவிட்டால், முறுக்கை எதிர்க்கும் திறன் 7,500இல் ஒரு பங்காகிவிடும். சில் பெட்டி வட்டக் குழாய் அல்ல, துருவும் ஒரே கோடாக அதை நெடுகக் கீறிவிடுவதில்லை. ஆனாலும் திசை இதுதான். பெட்டியின் அடிமடிப்பில் துரு அரித்துத் தகடுகள் விலகினால், பார்வைக்கு முக்கால்வாசித் தகடு அப்படியே இருக்கும். வேலை செய்வதோ அதில் சொற்பம்தான்.

கதவு இதைக் காட்டிக்கொடுக்கும். சில் வலுவாக இருந்தால், ஜாக்கியால் ஒரு பக்கத்தைத் தூக்கினாலும் கதவு எப்போதும்போலத் திறந்து மூடும். அழுகியிருந்தால் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஓரிடத்தில் சுருங்கி ஓரிடத்தில் அகலும். கதவின் பின்விளிம்பு மட்கார்டில் உரசும், சில வண்டிகளில் திறக்கவே மறுக்கும். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் இந்தச் சோதனையில் ஏமாற்ற முடியாது.

இனி துரு. இரும்பு பூமியில் தனியாகக் கிடைப்பது அரிது; ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுவாகத்தான் கிடைக்கும். ஊதுலையில் கரியையும் வெப்பத்தையும் கொட்டி ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறோம். அப்படிப் பெற்ற எஃகு, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதற்கு ஈரம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். உப்பும் இருந்தால் வேலை விறுவிறுவென்று நடக்கும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உறைபனி பிடிக்காமலிருக்க உப்பைத் தூவுவார்கள். எம்ஜிபியின் எஃகுக்குத் துத்தநாகப் பூச்சும் கிடையாது. வேறென்ன வேண்டும்?

துருப்பிடிப்பது என்பது உண்மையில் ஒரு சின்ன பேட்டரி வேலை செய்வதுதான். ஒரே தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி ஈரத்தில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடி, அங்கே தண்ணீரும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் சுற்று எளிதாகப் பூர்த்தியாகிறது. இதில் விசித்திரம், ஆக்சிஜன் நிறையப் படும் இடம் தப்பித்துவிடும் என்பதுதான். சேறு அப்பி, காற்று புகாத இடம்தான் கரையும் முனையாகிறது. தகட்டின் வெளிப்பக்கத்தை எவ்வளவு தேய்த்துத் துடைத்து வைத்தாலும், உள்ளே மடிப்பில் படிந்த கைப்பிடிச் சேறு ஓட்டை போட்டுவிடுகிறது.

எம்ஜிபியின் வடிவமைப்பு இதற்கு வாகாக அமைந்துவிட்டது. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் போகாமல் தடுக்க, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடும் அதன் ஓரத்தில் ரப்பர் பட்டையும் உண்டு. சில வருடங்களில் ரப்பர் விறைத்து உதிர்ந்துவிடும். அப்புறம் சேறு தடுப்பைத் தாண்டி உள்ளே போய்ச் சில் பெட்டியின் முன்முனைமேல் உட்கார்ந்துகொள்ளும். மழை பெய்தால் நனையும், காய்வதற்குள் மறுபடி நனையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் மட்கார்டின் அடியோரத்தில் பெயின்ட் பூரியாக உப்பும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும் பொருள். அதனால்தான் பெயின்ட்டைத் தள்ளுகிறது, ஒட்டிய தகடுகளையும் விலக்குகிறது. உப்பலைப் பார்த்து, ‘மேலே கொஞ்சம் துருதான், தேய்த்துவிட்டால் போச்சு’ என்று விற்பவர் சொன்னால் நம்பக் கூடாது. அந்த உப்பலின் வேர் உள்பக்கம் இருக்கிறது.

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் அதன் ஆக்சைடு கெட்டியான தோலாகப் படிந்து அடியில் இருப்பதைக் காக்கும். தொடக்க கால எம்ஜிபிகளின் பானெட் அலுமினியத்தால் ஆனது. வண்டியே மண்ணாகிக் கிடக்கையில் பானெட் மட்டும் புதிதுபோல இருப்பதைப் பார்க்கலாம். இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. நுண்துளைகள் நிறைந்த அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர உதவும்.

சின்னப் பாகங்களின் துருவை நீக்க அந்த பேட்டரியையே தலைகீழாக ஓட்டும் ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா. துருப்பிடித்த பிராக்கெட்டை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையோடும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையோடும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் வாளியில் இறக்க வேண்டும். சிறு குமிழிகள் கிளம்பும். மறுநாள் எடுத்தால் சிவப்புத் துரு கறுப்புக் குழம்பாகி, பிரஷ்ஷால் தேய்த்தாலே கழன்று வரும். நல்ல இரும்பில் ஒரு துளிகூடக் குறையாது. கிளம்புவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனைக்கு எவர்சில்வர் கரண்டியை மாட்டக் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைந்து வரும். சுருள்வில்களையும் இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்தால் அழுத்தம் தாங்கும் உலோகம் பொட்டென்று முறியும்.

சில் பெட்டிக்கு வாளி வைத்தியம் பலிக்காது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். இங்கேதான் பொழுதுபோக்கு டிங்கரிங் வேலையாக மாறுகிறது, பலர் கைவிடுவதும் இங்கேதான். வண்டியைத் தாங்கி நிற்கும் எலும்பையே வெட்டப் போகிறோம். வெட்டுவதற்கு முன் கதவைக் கழற்றி, கதவு இருந்த வாயின் குறுக்கே முன்னும் பின்னும் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கூடு கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வோடு புதுச் சில்லைப் பற்றவைத்தால் வண்டி நிரந்தரமாகக் கோணலாகிவிடும். கதவு அதன்பிறகு எந்தக் காலத்திலும் பொருந்தாது.

பிறகு, தொழிற்சாலையில் போட்ட புள்ளி வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு விடுவிப்பது. வெளித்தகடு வரும், அதற்குள் நட்டுக்குத்தாக ஒரு நடுத்தகடு வரும், அடியில் கோட்டைச் சுவரின் வடிவில் மடிந்த ஒரு தகடு வரும். மூன்றும் சேர்ந்ததுதான் சில். வெளித்தகட்டை மட்டும் மாற்றிவிட்டு, அல்லது பழையதன் மேலேயே புதுத்தகட்டை ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்பவர்கள் உண்டு. மேலே புதுச்சட்டை, உள்ளே அதே அழுகல். இந்த மோசடி மலிந்ததால்தான் மறுசீரமைத்த வண்டி என்று சொன்னால் வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் காட்டச் சொல்கிறார்கள். புதுத்தகட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவை மாட்டி, முன் மட்கார்டை மாட்டி, இடைவெளி சரியா என்று பார்த்து, எல்லாவற்றையும் கழற்றி, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் போகும். வெல்டு வைப்பது அதற்கு அப்புறம்தான், அதுவும் ஒரே இழுப்பாக அல்ல. ஒரு மில்லிமீட்டர்த் தகட்டில் நெடுக வெல்டு ஓட்டினால் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அலை அலையாக நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் ஆறவிட்டு ஒரு பொட்டு என்றுதான் போக வேண்டும். கடைசியாகப் பெட்டிக்குள் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சுவார்கள். இந்த மெழுகு மடிப்புகளில் ஊறி ஈரம் புகாமல் தடுக்கும். ஆபிங்டனில் முதலிலேயே இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அமெரிக்காவுக்குப் போன வண்டிகளின் கதை வேறு. கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் ஈரம் குறைவு, உப்பும் இல்லை. அங்கே எஞ்சின் போய், சீட் வெயிலில் கிழிந்து, தோட்டத்து மூலையில் கிடந்த எம்ஜிபிகளைப் பிரிட்டிஷ்காரர்கள் காசு கொடுத்து வாங்கி, அட்லாண்டிக்கைத் தாண்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றும் வேலை வேறு. உள்ளூரிலேயே ஓடும் வண்டிகள் இருக்க, ஓடாத வண்டிக்குக் கப்பல் கூலி கொடுத்தது அந்தத் தகட்டுக்காகத்தான்.

அதுவும் வேண்டாம் என்றால் கூட்டையே புதிதாக வாங்கலாம். பழைய பாகங்களுக்கென்று தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், சிதறிக் கிடந்த பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் எம்ஜிபியின் முழு உடற்கூட்டைப் புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. உற்பத்தி நின்று எட்டு வருடம் கழித்து இப்படி ஒரு வண்டியின் கூடு மறுபிறவி எடுத்தது அதுவரை கேள்விப்படாத சங்கதி. அதை வைத்தே 1990களில் ரோவர் நிறுவனம் எம்ஜி ஆர்வி8 என்று சுமார் 2,000 கார்களைச் செய்தது, அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

புதுக் கூட்டில் பழைய பாகங்களை மாட்டினால் அது பழைய வண்டியா, புது வண்டியா? தத்துவம் படித்தவர்கள் இதில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் மதிப்பெண் போட்டு முடித்துவிட்டது. அது பல ஆண்டுகள் கையாண்ட கணக்கில் சேஸிஸ் அல்லது உடற்கூட்டுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்சில்களுக்கு 2, கியர்பெட்டிக்கு 2, ஸ்டீயரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 வேண்டியிருந்தது. அதே வடிவில் செய்த புதுக்கூடு என்றாலும் அந்த 5 கிடைத்தது. நாம் இதயம் என்று கொண்டாடும் எஞ்சினுக்கு அதிகாரிகள் கொடுத்தது ஒற்றை மார்க்! முரட்டுக் கணக்கு என்றாலும் எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது.

எஞ்சின் அவ்வளவு சுலபத்தில் சாகாது. வார்ப்பிரும்பு பிளாக், தண்டுகளால் தள்ளித் திறக்கும் வால்வுகள், நான்கு சிலிண்டர். பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற குடும்பம் இது. நமக்கு அந்நியமும் அல்ல. உத்தரபாராவில் 2014 வரை செய்த அம்பாசடரில் பல பத்தாண்டுகள் துடித்தது இதன் 1,489 சி.சி. உடன்பிறப்புதான். அம்பாசடரைப் பிரித்து மாட்டிப் பழகிய நம் ஊர் மெக்கானிக் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் முகம் மலர்வார். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்து போர் செய்து, பெரிய பிஸ்டன் போட்டு, பேரிங் மாற்றினால் இன்னொரு ஆயுள்.

அம்பாசடர்க்காரருக்குப் புதிதாகத் தெரியக்கூடியது பக்கவாட்டில் இருக்கும் இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர்கள். ஸ்கின்னர் என்ற செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1905 வாக்கில் கண்டுபிடித்தது. முதல் வடிவங்களில் காற்றழுத்தத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கிய துருத்தியைத் தோலில் செய்தார்கள் என்பது அந்தக் குடும்பத்துக்குப் பொருத்தம்தான். சாதாரணக் கார்பரேட்டரில் காற்று போகும் குறுகல் ஒரே அளவில் இருக்கும். மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் சரியாக உறிஞ்சப்படாது. அதற்காக அதில் பல துளைகள், பல சுற்றுவழிகள். எஸ்.யு.வில் குறுகலே தன் அளவை மாற்றிக்கொள்ளும். காற்றுப் பாதையின் குறுக்கே ஒரு பிஸ்டன் தொங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இழுக்கும் உறிஞ்சல் பிஸ்டனின் மேலறைக்கும் போய் அதை மேலே தூக்கும்; வழி அகலும். காற்று எவ்வளவு போனாலும் அதன் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பிஸ்டனின் அடியில் கூம்பிய ஊசி ஒன்று பெட்ரோல் துளைக்குள் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் ஏற ஏற ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வரும், பெட்ரோல் கூடும். ஒரே துளை, ஒரே ஊசி, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது பிஸ்டன் தண்டுக்குள் ஊற்றும் அந்தச் சொட்டு எண்ணெய். திடீரென்று மிதித்தால் பிஸ்டன் விருட்டென்று ஏறிவிடாமல் எண்ணெய் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த ஒரு கணம் குறுகல் சிறிதாகவே இருப்பதால் காற்று வேகமெடுத்து, கூடுதல் பெட்ரோலை இழுத்துவரும். எண்ணெய் வற்றிவிட்டால் பிக்கப் தடுமாறும். மெக்கானிக்கிடம் போய் ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன் மூடியைத் திருகி இரண்டு சொட்டு ஊற்றிப் பார்ப்பது உத்தமம்.

டியூனிங்குக்கும் கருவி வேண்டாம். ஓடும் எஞ்சினில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லத் தூக்குவார்கள். அதற்கென்றே அடியில் ஒரு சிறு ஊசி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இருமிக்கொண்டு நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. கணநேரம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. துளைக்கு அடியிலுள்ள நட்டை ஒரு பட்டை அளவு திருப்புவது, மறுபடி தூக்கிப் பார்ப்பது. இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும்: ஒரு முனை காதில், மறுமுனை கார்பரேட்டரின் வாயில். இரண்டிலும் ‘உஸ்’ ஒரே சுருதியில் கேட்க வேண்டும்.

மின்சாரம் பற்றிப் பேசினால் பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்கள் சிரிப்பார்கள். இந்த வண்டிகளுக்கு விளக்கும் டைனமோவும் செய்தது லூகாஸ். நம் சென்னைப் பாடியில் பஸ் நிறுத்தத்துக்கே பேராகிப்போன அதே லூகாஸ். 1961இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து அங்கே ஆலை தொடங்கியது. நிறுவனரை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வது வழக்கம். என்னைக் கேட்டால் பழியில் பாதிக்கு மேல் துருவின் தலையில் போக வேண்டும். காரில் பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். மின்சாரம் திரும்பும் வழி உடற்கூடே. ஆக, தகடு இங்கே வயரும்கூட. விளக்கைத் தகட்டோடு பிடிக்கும் திருகில் துரு ஏறினால் எர்த் கெட்டுவிடும்.

60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை 2.4 ஓம். எர்த்தில் 0.2 ஓம் தடை கூடினால் பல்புக்குக் கிடைப்பது 11 வோல்ட் சொச்சம். 8 சதவீதம்தானே என்று தோன்றும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிடப் பல மடங்கு வேகத்தில் சரியும்; ஏறக்குறைய கால்பங்கு வெளிச்சம் போய்விடும். எர்த் அடியோடு போனால் வேடிக்கை தொடங்கும். இண்டிகேட்டர் போட்டால் பின்பக்கப் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுக்கும், வழி தேடும் மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போவதால். புது வயரிங் செட் வாங்குவதற்கு முன், விளக்கைப் போட்டுவிட்டு அதன் கூட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். முள் அசையக் கூடாது. அசைந்தால் உப்புத்தாளும் கிரீஸும் போதும்.

எஞ்சினுக்கு உண்மையில் வந்த சோதனை பெட்ரோலில் இருந்துதான். பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; எரியும்போது அது வால்வும் இருக்கையும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. படலம் இல்லாமல் சூடான வால்வும் வார்ப்பிரும்பு இருக்கையும் நேராக மோதும்போது நுண்ணளவில் ஒட்டிப் பிய்ந்து, இருக்கை தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கும். சுமார் 0.38 மி.மீ. இருக்க வேண்டிய டேப்பட் இடைவெளி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே வந்தால் இதுதான் காரணம். ஹெட்டைக் கழற்றிக் கெட்டியான எஃகு இருக்கைகளை இறுக்கிப் பொருத்திவிட்டால் தீர்ந்தது. 2021இல் அங்கே 10 சதவீத எத்தனால் கலந்த இ10 வந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். இ20 போட்டு ஓட்டும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழாய்களை மாற்றிவிட்டு ஓட்டுகிறார்கள்.

செலவுக் கணக்கு பார்ப்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது. முழுசாகச் செய்து முடித்த எம்ஜிபியை விற்றால், போட்ட காசு பெரும்பாலும் திரும்ப வராது. உழைப்புக்கு விலையே கிடையாது. பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. பெரிதாக மாற்றியமைக்காத வண்டியாக இருந்தால் வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இந்தச் சோதனை விலக்கு எனக்கு உடன்பாடில்லை. சில் அழுகிய வண்டியைச் சட்டப்படியே ஓட்டலாம் என்று ஆகிவிட்டது. வீட்டில் வெல்டு வைத்தவரின் வேலையை வேறொரு கண் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லதுதானே? தாமாகவே கொண்டுபோய்க் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது எஞ்சினையே எடுத்துவிட்டு மின்மோட்டார் வைக்கும் பழக்கம் பரவுகிறது. புதிய ஹெரிடேஜ் கூடு, அடியில் லித்தியம் பேட்டரி, சத்தமில்லாத எம்ஜிபி. அந்த மதிப்பெண் கணக்கில் எஞ்சின் போனால் ஒரு மார்க்தான் போனது, கியர்பெட்டியையும் எடுத்தால் மூன்று. சட்டத்தின் கண்ணில் அது இன்னும் எம்ஜிபியாக நிற்க இடமிருக்கிறது. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவாவுக்கு இது பிடிக்கவில்லை. இத்தகைய மாற்றத்தை ஊக்குவிக்க முடியாது என்று 2019இல் அறிவித்தது. செய்தே தீருவேன் என்பவர்களிடம் அது கேட்பது, மாற்றம் பழையபடி திருப்பக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய பாகங்களைக் குறித்துவைத்துப் பத்திரப்படுத்துங்கள் என்பதைத்தான். அந்த யோசனையைக் கேட்டு நடந்தவர்களின் கொட்டகைகளில் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் உறை போட்டு பி-சீரிஸ் எஞ்சின்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டிருக்கும். கூட்டில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. எந்தத் தாங்கியையும் வெட்டாமல், பழைய போல்ட் துளைகளிலேயே மோட்டாரை மாட்டியிருந்தால், ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் பழையபடி ஏற்றிவிடலாம்.